கமலவேணி எழுதிப் போட்ட சீட்டு

கமலவேணியைப் பத்தி யாராவது ஏதாவது பேசினா எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். தப்புப் பண்ணினவதான், இல்லைங்கல. ஆனா அவளைத் திட்டுறதுக்கு எனக்கு மட்டுந்தான் பாத்தியதை இருக்கு. ஏன்னா அவ எழுதினா, நான் வாசிச்சேன். பாதிப் பாவம் என்னோடது.

எம் பேரு ஜெயலட்சுமி. பெரம்பலூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளரா இருக்கேன். இருநூறு பிள்ளைங்களை வரிசையில நிக்க வெச்சு நிக்க வெச்சு கொரலு பெருசாயிருச்சு. அதனாலதான் சபையில அந்த வேலை என் தலையில விழுந்துச்சு. வேப்பந்தட்டை ரோட்டுல, ஷீட்டு போட்ட சின்ன சபை எங்களோடது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். வாசல்ல ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். வேண்டுதல் உள்ளவங்க சீட்டுல எழுதி அதுல போடணும். பாஸ்டர் ஐயாவுக்கு சுகர்ல கண்ணு மங்கிப் போனதால, சீட்டை எடுத்து மைக்குல வாசிக்கிறது நான். ஒவ்வொண்ணையும் வாசிச்சு முடிச்சதும் எல்லாரும் சத்தமா ஜெபம் பண்ணுவாங்க. பேரு போட்டுத்தான் எழுதணும்னு பாஸ்டர் சொல்லியிருந்தாரு, ஆண்டவர்கிட்ட பேர் சொல்லிக் கேக்கணுமாம். கூரை மேல ஒரு ஹார்ன் ஸ்பீக்கர் இருந்துச்சு, வாய் ரோட்டைப் பாத்து. நான் வாசிக்கிறது எதிர்த்த டீக்கடை வரைக்கும் போகும்.

கமலவேணி அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ. ரவிக்கை தைக்கிறவ. அவ வெட்டுற கையில ஒரு நூல் பிசகாது. புருஷன் ராசாங்கம் அரியலூர் பக்கம் சிமெண்டு ஆலைக்கு சுண்ணாம்புக்கல்லு லோடு அடிக்கிற லாரி டிரைவர். தொண்ணூத்திரெண்டுல அந்த மனுஷன் குடிச்ச குடி கொஞ்சநஞ்சமில்ல. லாரியை விட்டு இறங்கினா நேரா கடை, கடையை விட்டு இறங்கினா நேரா பொண்டாட்டி முதுகு. யாரோ சொல்லி சபைக்கு வந்தா. எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி ஒரு சீட்டு எழுதிப் போட்டா: "என் கணவர் ராசாங்கம் குடியை விட வேண்டும்."

பதினாலு வெள்ளிக்கிழமை வாசிச்சேன். பதினஞ்சாவது வாரம் ராசாங்கம் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உள்ள வந்துட்டாரு. "எவ அவ, என் பேரை ஊருக்கே கூவுறவ?"ன்னு. நான் மைக்கை அப்படியே பாஸ்டர் கையில குடுத்துட்டேன். பாஸ்டர், "வாங்க பிரதர், உக்காருங்க"ன்னாரு. உக்காந்தவர் கொஞ்ச நேரத்துல முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதாரு. அன்னியோட குடி போச்சு. தொண்ணூத்திமூணுல ரெண்டு பேரும் ஞானஸ்நானம் எடுத்தாங்க. அவ பூ வெக்கிறதையும் தோடு போடுறதையும் விட்டா.

இதை ஏன் சொல்றேன்னா, அந்த டப்பாவை கமலவேணி எப்படி நம்பினான்னு உங்களுக்குத் தெரியணும். பேரை எழுதிப் போட்டு, நாலு பேரு காதுல விழுந்து, அதுலதான் அவளுக்கு வாழ்க்கையே திரும்பக் கிடைச்சுது. அப்புறம் எதுக்கெடுத்தாலும் சீட்டுதான். மாமியாருக்கு மூட்டுவலி, சீட்டு. மிஷின் பெல்ட்டு அடிக்கடி அறுந்து போகுது, அதுக்கும் ஒரு சீட்டு. "ஏண்டி, ஆண்டவர் என்ன மெக்கானிக்கா?"ன்னு நான் கேலி பண்ணுவேன். சிரிச்சுக்கிட்டே அடுத்த வாரமும் எழுதுவா.

அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க. பெரியவ வினோதினி, சபைக்கு வர்றதுக்கு முன்னாடியே பொறந்தவ. சின்னவன் எபிநேசர், எபின்னு கூப்புடுவோம். ரெண்டையும் அவ வளத்த மாதிரி யாரும் வளத்திருக்க மாட்டாங்க. வீட்டுல இருந்த டிவியை வித்துட்டா. சாமான் கட்டி வர்ற பேப்பர்ல சினிமாக்காரி படம் இருந்தா கிழிச்சு அடுப்புல போட்டுட்டுத்தான் பருப்பையே கொட்டுவா. டவுன்ல எந்த சுவத்துல எந்த மாதிரி போஸ்டர் ஒட்டுவான்னு அவளுக்கு அத்துப்படி. பிள்ளைங்களோட நடந்து வந்தா அந்த இடம் வந்ததும் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போயிருவா. மறுபடி ஒரு போஸ்டர் வந்தா மறுபடி தாண்டுவா. பழைய பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வூட்டுக்கு வர்றதுக்குள்ள நாலு தடவை ரோட்டைத் தாண்டுற குடும்பம் பெரம்பலூர்லயே அது ஒண்ணுதான்.

அப்பதான் பஸ் ஸ்டாண்டு பக்கம் இண்டர்நெட் கடைங்க வந்துச்சு. பலகை அடிச்சு, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு சின்ன ரூம், கதவுக்குத் திரைச்சீலை. உள்ள என்ன நடக்குதுன்னு ஊருக்கே தெரியும். பாஸ்டர் நாலு வாரம் அதைப் பத்தியே பிரசங்கம் பண்ணினாரு. கமலவேணி ரெண்டு பிள்ளைங்களையும் பைபிள் மேல கையை வெக்கச் சொல்லி, "அந்தக் கடை வாசப்படி மிதிக்க மாட்டோம்"னு சொல்ல வெச்சா.

ரெண்டாயிரத்து நாலு, மே மாசம். வினோதினிக்கு பத்தாவது ரிசல்ட். பள்ளிக்கூடத்துக்கு மார்க்கு வர மறுநாள் ஆகும், இண்டர்நெட்டுல அன்னிக்கே பாத்துரலாம்னு எல்லாப் பிள்ளைங்களும் ஓடுச்சுங்க. வினோதினி அம்மாகிட்ட வந்து நின்னா. ராசாங்கம் லோடுக்குப் போயிருந்தாரு. கமலவேணிக்கு முகூர்த்தத்துக்குக் குடுக்க வேண்டிய ரவிக்கை மிஷின்ல கிடக்கு. பொண்ணு முகத்தைப் பாத்தா, பாவமா இருந்துச்சு. "சரி, நம்பரைப் போட்டு மார்க்கைப் பாத்துட்டு ஓடியா. ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது"ன்னு அனுப்பினா.

கடையில கூட்டம். கடைக்காரன் காலியான ரூம்ல ஒண்ணைக் காட்டி உக்காரச் சொல்லியிருக்கான். இவ உக்காந்து திரையைப் பாத்தா, அதுக்கு முன்னாடி உக்காந்திருந்த நாதாரி மூடாம விட்டுட்டுப் போனது அப்படியே கிடக்கு. இவளுக்கு மூடத் தெரியல. ஒண்ணை அமுக்கினா இன்னொண்ணு திறக்குது, அதை அமுக்கினா இன்னும் ரெண்டு. மார்க்கையும் பாக்கல, ஒண்ணும் பாக்கல, எழுந்து ஓடியாந்துட்டா. வூட்டுக்கு வந்து, மிஷின் மிதிச்சிட்டிருந்த அம்மா மடியில மூஞ்சியை வெச்சு, நடந்தது அத்தனையும் சொல்லியிருக்கா. ஒரு வார்த்தை மறைக்கல. "நான் வேணும்னு பாக்கலம்மா, ஆனா இன்னும் கண்ணுலயே இருக்கும்மா"ன்னு.

நீங்களே சொல்லுங்க. பெத்தவளுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? பதினஞ்சு வயசுப் பொண்ணு, இப்படி ஒண்ணைப் பாத்துட்டு, நேரா அம்மாகிட்ட ஓடி வந்து சொல்லுது. அந்தப் பொண்ணைக் கட்டிப்புடிச்சு, "போனாப் போகுது, நீ என்னடி பண்ணுவ"ன்னு ஒரு வாய் காப்பி போட்டுக் குடுத்திருந்தா அத்தோட முடிஞ்சிருக்கும்.

கமலவேணியும் கட்டிப்புடிச்சா. அழுதா. ஆனா அவளுக்கு பயம், இன்னும் கண்ணுலயே இருக்குன்னு பொண்ணு சொன்னாளே, அந்த பயம். ராத்திரி பூரா தூங்காம இருந்திருக்கா. அவளுக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான்.

வெள்ளிக்கிழமை டப்பாவைத் திறந்தேன். அவ கையெழுத்து எனக்கு நல்லாத் தெரியும். மிஷினோ மாமியாரோன்னு நினைச்சுக்கிட்டு, முன்கூட்டிப் பாக்காம, எடுத்த எடுப்புல மைக்குல வாசிச்சேன். "என் மகள் வினோதினி இண்டர்நெட் கடையில் அசிங்கமான படம் பார்த்து விட்டாள். அந்த அசுத்த ஆவி அவளை விட்டுப் போக ஜெபிக்கவும்."

"வினோதினி"ங்கிறதுக்கு அப்புறம் அடுத்த வார்த்தை வாயில வரும்போதே எனக்கு என்ன வாசிக்கிறேன்னு புரிஞ்சு போச்சு. நிறுத்தியிருக்கலாம். இருமியிருக்கலாம். சீட்டைக் கீழ போட்டிருக்கலாம். ஆனா பழகின வாய் பாருங்க, முற்றுப்புள்ளி வரைக்கும் போய்த்தான் நின்னுச்சு. அந்தப் பொண்ணு மூணாவது வரிசையில உக்காந்திருந்தா. அவ என்னைப் பாக்கல. தலையைத் திருப்பி அவ அம்மாவைப் பாத்தா. அந்தப் பார்வை இன்னிக்கும் எனக்குத் தூக்கத்துல வருது.

அத்தோட விட்டாங்களா? பாஸ்டர் முன்னாடி வரச் சொன்னாரு. முட்டி போட வெச்சு, தலையில கையை வெச்சு, "அசுத்த ஆவியே வெளியே போ"ன்னு அரை மணி நேரம். கமலவேணி பக்கத்துலயே முட்டி போட்டு மார்ல அடிச்சுக்கிட்டு அழுவுறா, பொண்ணுக்காக உருகி உருகி. பொண்ணு கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. டீக்கடையில இருந்தவனுங்க கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டு ரோட்டுக்கே வந்து நின்னு கேட்டானுங்க. பேரு, கடை, படம், எல்லாம் தெளிவா விழுந்திருக்கும். என் கொரலு அப்படி.

நானூத்தி ஐம்பத்தாறு மார்க்கு அந்தப் பொண்ணு. பள்ளிக்கூடத்துலயே ரெண்டாவது. அந்த வூட்டுல அதைப் பத்தி யாரும் பேசல. தெருவுல போனா பயலுங்க, "என்ன படம் தங்கச்சி?"ன்னு கேட்டானுங்க. ராசாங்கம் ஒருத்தனைச் செருப்பால அடிச்சாரு, அதுக்கப்புறம் முதுகுக்குப் பின்னாடி கேட்டானுங்க. கம்ப்யூட்டர் குரூப் எடுக்கணும்னு ஆசைப்பட்டவளை வேற குரூப்புல சேத்துவுட்டாங்க. பள்ளிக்கூடத்துக்கு அம்மாவே கொண்டு விட்டு அம்மாவே கூட்டி வந்தா. வினோதினி எதுக்கும் மறுத்துப் பேசல. சொன்னதைச் செய்வா, கேட்டதுக்கு ஒரு வார்த்தையில பதில் சொல்வா. "பாத்தீங்களா அக்கா, எவ்வளவு அடக்கமா ஆயிட்டா, ஜெபம் கேட்டுச்சு"ன்னு கமலவேணி எங்கிட்டச் சொன்னா. நானும் மண்டையை ஆட்டினேன்.

அடுத்த வருஷம் அரியலூர்லேர்ந்து ஒருத்தன் எங்க சபைக்குக் கீபோர்டு வாசிக்க வந்தான். அவன் பேரை இங்க சொல்லி என் வாயை நாறடிச்சுக்க மாட்டேன். கீபோர்டு பிரதர்னு கூப்புட்டோம். சபைக்குப் பின்னாடி ஒரு ரூம்ல தங்கினான். அங்க ஒரு கம்ப்யூட்டர் வெச்சிருந்தான், பாட்டு பதிஞ்சு சிடி போடுறதுக்குன்னு. கம்ப்யூட்டர் மேல ஒரு பைபிள் வசன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். அதைப் பாத்து கமலவேணிக்கு அவ்வளவு சந்தோஷம். எபிக்கு அப்ப பதினொரு வயசு. செவ்வா, வியாழன் சாயங்காலம் கீபோர்டு கத்துக்க அனுப்பினா. "வெளியில அந்தக் கடைங்க பக்கம் போறதுக்கு, சபைக்குள்ளயே பத்திரமா இருக்கட்டும்"னு. பையனைக் கொண்டு விட்டுட்டு நிம்மதியா வூட்டுக்கு வந்து தைப்பா.

ரெண்டு மாசம் போச்சு. அப்புறம் திடீர்னு வினோதினி, "தம்பியை நான் கூட்டிட்டுப் போறேன்"னா. கொண்டு விட்டுட்டுத் திரும்பி வரல. அவன் ரூமுக்குள்ளயே போய், கதவை அகலத் திறந்து வெச்சுட்டு, வாசப்படியை ஒட்டி உக்காந்துக்கிட்டா. கையில பிளஸ் டூ புஸ்தகம். கிளாஸ் முடியுற வரைக்கும் எந்திரிக்க மாட்டா. செவ்வா, வியாழன், ஒரு நாள் தப்பாது. காய்ச்சல் அடிச்ச அன்னிக்கும் போனா.

பதினேழு வயசுப் பொண்ணு, கல்யாணம் ஆகாத வாலிபன் ரூம்ல. சபையில வாய் சும்மா இருக்குமா? ஏற்கெனவே பேரு கெட்ட பொண்ணு. நாலு பேரு நாலு விதமாப் பேசினாங்க. அதைக் கொண்டு போய் கமலவேணி காதுல போட்டது யாருன்னு நினைக்கிறீங்க? நாந்தான். "பொண்ணைக் கொஞ்சம் பாத்துக்க கமலா, அவ ஏன் அங்க போய் உக்காருறா?"ன்னு. நல்லது பண்றதா நினைப்பு எனக்கு. என் வாயில கொள்ளி வெக்க.

அன்னிக்கு கமலவேணி துணி அளக்குற மரக்கட்டையை எடுத்து பொண்ணை அடிச்சா. புருஷன்கிட்ட வாங்கின அடியெல்லாம் மறந்து போச்சு போல. "சொல்லு, அவனைப் பாக்கத்தானே போற?"ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சா. வினோதினி வாயே திறக்கல. கட்டை ரெண்டா உடைஞ்சப்புறம் ஒண்ணே ஒண்ணு சொன்னாளாம்: "எபியை மட்டும் தனியா அனுப்பாதீங்க."

அந்த வார்த்தையை யாரும் காதுல வாங்கல. அடுத்து வந்த வியாழக்கிழமை வினோதினியை உள்ள வெச்சுப் பூட்டிட்டு, எபியைக் கிளப்பினா. நான் அன்னிக்கு ரவிக்கைத் துணி குடுக்கப் போயிருந்தேன். பையன் வாசல் கேட்டுக் கம்பியைப் புடிச்சவன் விடல. கமலவேணி கையைப் பிரிச்சுப் பிரிச்சு இழுக்கிறா, அவன் மறுபடி புடிக்கிறான். அப்படியே நின்ன இடத்துல வாந்தி எடுத்தான். பூட்டின கதவுக்கு உள்ளேர்ந்து வினோதினி, "அவனை விடுங்கம்மா, அவனை விடுங்கம்மா"ன்னு கதவைத் தட்டுறா.

எனக்கு அப்பதான் புத்தி வந்துச்சு. பையனைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு, "என்னடா கண்ணு?"ன்னேன். விக்கி விக்கிச் சொன்னான். கீபோர்டு ஒரு பத்து நிமிஷம்தானாம். அப்புறம் கதவைச் சாத்திட்டு, அந்தக் கம்ப்யூட்டர்ல பாக்கக் கூடாததையெல்லாம் போட்டு, கண்ணை மூடக் கூடாதுன்னு சொல்லிப் பாக்க வெப்பானாம். இவன் அக்காகிட்ட மட்டும் சொல்லியிருக்கான். அக்கா வந்து கதவைத் திறந்து உக்காந்தப்புறம் அவன் கம்ப்யூட்டரையே போடலையாம்.

"அம்மாகிட்டச் சொல்ல வேண்டியதுதானடா?"ன்னு கமலவேணி கேட்டா.

"சொன்னா அக்கா பேரை வாசிச்ச மாதிரி என் பேரையும் மைக்குல வாசிப்பாங்கன்னு கீபோர்டு பிரதர் சொன்னாரும்மா. ஜெயா பெரியம்மா வாசிப்பாங்கன்னாரு."

என் மடியிலதான் உக்காந்திருந்தான், அதைச் சொல்லும்போது.

கமலவேணி கதவைத் திறந்தா. வினோதினி வெளிய வந்து, அம்மாவைத் தாண்டி, என்னைத் தாண்டி, தம்பி வாயைத் துடைச்சுவிட்டா. கையெல்லாம் கட்டையால அடிச்ச தடம். கமலவேணி அவ கால்ல விழுந்தா. பெத்த தாய் மக கால்ல விழுந்து எந்திரிக்காம கிடந்தா. அந்தப் பொண்ணு நகந்து நின்னுக்கிச்சு, அவ்வளவுதான்.

அந்தக் கையோட பாஸ்டர்கிட்டப் போனோம். அவரு எந்திரிச்சு ரூம் கதவைச் சாத்தினாரு. அப்புறம், "வெளியில தெரிய வேண்டாம் சிஸ்டர். சபை பேரு கெட்டுப் போகும். ஜெபத்துல வெச்சுக்குவோம்"னாரு. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! ஒண்ணும் தெரியாத பொண்ணு பேரை ஹார்ன் வெச்சு ஊரு பூரா கேக்க வெச்சாங்க. இந்தப் பாவி பேரு மட்டும் பொத்தி வெக்கணுமாம். போலீசுக்குப் போனா பையனை நிக்க வெச்சுக் கேள்வி கேப்பாங்களேன்னு ராசாங்கம் தயங்கினாரு. மறுநாள் விடியுறதுக்குள்ள அவன் கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டான்.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. டப்பாவுல ஒரே ஒரு சீட்டை மட்டும் முதல்ல எடுத்தேன், கமலவேணி கையெழுத்தைப் பாத்து. இந்தத் தடவை முன்கூட்டியே படிச்சேன். அப்புறம் மைக்கைக் கிட்ட இழுத்து வாசிச்சேன். அவன் முழுப் பேரு, ஊரு, அவன் பண்ணினது. பையன் பேரு இல்ல. கடைசியில, "என் மகள் உண்மை சொன்னாள். நான் அவளை அவமானப்படுத்தினேன். என் பேர் கமலவேணி." பாதியிலேயே பாஸ்டர் மைக்கை அணைச்சுட்டாரு. இருநூறு பிள்ளைங்களை மேய்க்கிறவளுக்கு மைக்கு எதுக்கு? டீக்கடை வரைக்கும் கேக்குற மாதிரி மிச்சத்தை வாசிச்சு முடிச்சுட்டு, டப்பாவைக் கவுத்து வெச்சுட்டு வந்துட்டேன். நானும் அவளும் அந்த சபைக்கு அதுக்கப்புறம் போகல. அவன் இப்ப எந்த ஊருல, எந்த சபையில, எத்தனை பிள்ளைங்களுக்குக் கீபோர்டு சொல்லித் தர்றானோ, தெரியாது. அதை நினைச்சா சோறு இறங்காது.

வினோதினி பிளஸ் டூ முடிச்சதும் திருச்சியில நர்சிங் சேர்ந்தா. ஹாஸ்டல். ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், எபி எப்படி இருக்கான், அவ்வளவுதான். அந்த மூணு வார்த்தைக்காக கமலவேணி வாரம் பூரா காத்துக் கிடப்பா. பொண்ணு என்னிக்காவது ஒரு நாள் பழையபடி மடியில மூஞ்சியை வெச்சு ஒண்ணு சொல்ல மாட்டாளான்னு ஏங்குவா. வேற ஒண்ணும் வேண்டாம் அவளுக்கு.

இந்த வருஷம், ரெண்டாயிரத்து ஏழு, ஆவணியில ஹாஸ்டல்லேர்ந்து ஒரு கடுதாசி வந்துச்சு. வினோதினிக்கு டைபாய்டு, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில இருந்துட்டு இப்பதான் திரும்பியிருக்கான்னு. நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை வேற போன் பண்ணியிருக்கா, நல்லா இருக்கேன்னு. நானும் கமலவேணியும் பஸ் புடிச்சு ஓடினோம்.

கட்டில்ல உக்காந்திருந்தா, முடியெல்லாம் கொட்டி, பாதி ஆளா. கமலவேணி கொண்டு போன கஞ்சியை வாங்கிக் குடிச்சா. "ஒன்பது நாளுடி. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அம்மாகிட்ட?"ன்னு கேட்டா.

வினோதினி டம்ளரைக் கீழ வெச்சா. கோவமாகூட இல்ல. மெதுவாத்தான் சொன்னா.

"சொன்னா எழுதிப் போட்டுருவீங்கம்மா."

கமலவேணி அந்த டம்ளரை எடுத்துக்கிட்டுப் போயி, குழாயடியில ரொம்ப நேரம் கழுவிக்கிட்டு நின்னா.